வணிக ரகசியத் தணிக்கை: பூட்டை விடுங்கள், நகல் எங்கே என்று பாருங்கள் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நிறுவனங்கள் தங்கள் ரகசியங்களை எப்படிக் காக்கின்றன என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் வேலை. போகிற இடத்திலெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. முதலாளி ஒரு மாதிரி கேட்பார், ஹெச்.ஆர். வேறு மாதிரி கேட்பார், கம்ப்யூட்டர் பிரிவில் இருப்பவர் "இதெல்லாம் எங்க தலையில்தான் விழுமா?" என்று கேட்பார். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். இது சட்ட ஆலோசனை கிடையாது. வழக்கு என்று வந்துவிட்டால் நேராக வழக்கறிஞரிடம் போங்கள்.

வணிக ரகசியம் என்று எதைச் சொல்கிறோம்?

உலக வர்த்தக அமைப்பின், அறிவுசார் சொத்துரிமை பற்றிய ட்ரிப்ஸ் உடன்படிக்கையில் 39 ஆவது பிரிவு மூன்று நிபந்தனை வைக்கிறது. அந்தத் தகவல் அந்தத் துறையில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தெரியாததாக இருக்க வேண்டும். ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் அதை ரகசியமாக வைக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். இந்த உடன்படிக்கை 1995 முதல் நடப்பில் இருக்கிறது. அமெரிக்காவின் 2016 சட்டம், அதே ஆண்டு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை எல்லாமே இந்த மூன்றைச் சுற்றித்தான் வருகின்றன. இந்தியாவில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லாமலே நீதிமன்றங்கள் ஒப்பந்தச் சட்டத்தையும் நம்பிக்கை மீறல் கொள்கையையும் (நம்பிச் சொன்னதை வெளியே விடக்கூடாது என்பது) வைத்து ஓட்டி வந்தன. தனிச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 289 ஆவது அறிக்கையில், 2024 மார்ச்சில், பரிந்துரை செய்தது.

முதல் இரண்டு நிபந்தனைகளும் தகவலின் குணம். மூன்றாவது உங்கள் நடத்தை. தணிக்கையில் பெரும்பாலான நேரம் இந்த மூன்றாவதில்தான் போகும்.

ஃபார்முலா மட்டும்தான் ரகசியம் என்று நினைக்க வேண்டாம். எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடி, எந்த சப்ளையரிடம் என்ன விலை, மென்பொருளின் சோர்ஸ் கோடு, இன்னும் வெளிவராத பொருளின் வரைபடம், இயந்திரத்தை எந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் ஓட்டுவது, இதெல்லாமும் அதில் வரும். எல்லாரும் மறந்துவிடும் ஒன்று, தோற்றுப்போன சோதனைகள். நாற்பது கலவை போட்டுப் பார்த்து முப்பத்தெட்டு உதவாது என்று கண்டுபிடித்திருக்கிறீர்கள். அந்த முப்பத்தெட்டின் பட்டியல் போட்டியாளர் கையில் கிடைத்தால் அவருக்கு இரண்டு வருடம் மிச்சம். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டால் பாதி இடங்களில் யாருக்கும் தெரியாது.

இதற்குக் காப்புரிமை எடுத்துவிட்டால் வேலை முடிந்ததே?

காப்புரிமை என்றால் செய்முறையை ஊருக்கே எழுதிக் காட்ட வேண்டும், பதிலுக்கு 20 வருடம் தனியுரிமை. ரகசியத்துக்குக் கால வரம்பு இல்லை, ஆனால் வெளியே போன நாளோடு முடிந்தது. பொருளைக் கடையில் வாங்கிப் பிரித்துப் பார்த்து ஒருவர் கண்டுபிடித்துவிட்டால் பொதுவாக அவர் மேல் குற்றமும் இல்லை. அதனால் பிரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடக்கூடிய ஒன்றை ரகசியம் என்று பட்டியலில் வைத்திருந்தால், தணிக்கையில் முதலில் அதைத்தான் அடிப்பேன்.

எங்களிடம் எல்லாம் பத்திரமாகப் பூட்டித்தான் இருக்கிறது. அப்புறம் தணிக்கை எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சுப் பொருள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்குப் போயிருந்தேன். கலவை விகிதம் எழுதிய புத்தகம் இரும்பு அலமாரியில், இரண்டு சாவி, இரண்டு பேர் வந்தால்தான் திறக்கும், திறந்த நேரத்தை எழுத ஒரு பதிவேடு. பதிவேடும் ஒழுங்காக இருந்தது, கையெழுத்துகூட விடுபடவில்லை. பெருமையாகக் காட்டினார்கள். சரி, கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று பார்த்தால் பதினோரு மாதத்துக்கு முன்னால். தினமும் உற்பத்தி நடக்கிறது, புத்தகத்தையோ யாரும் திறப்பதே இல்லை, அப்படியென்றால் கலக்குகிறவர் எதைப் பார்த்துக் கலக்குகிறார்?

கீழே போனேன். கலக்கும் இயந்திரத்தின் தொடுதிரையில் முழு விகிதமும் கிராம் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. திரை சில சமயம் உறைந்துவிடும் என்பதால் பக்கத்துத் தூணில் அதையே பேனாவால் எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஷிஃப்ட் மேற்பார்வையாளரின் போனில் அதன் படம் இருந்தது. இயந்திரத்தைப் பழுது பார்க்க வெளியிலிருந்து வருகிறவர் திரை கோளாறைக் காட்டுவதற்காக எடுத்த வீடியோவிலும் அதே விகிதம். அந்த வீடியோ அவருடைய கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் போயிருந்தது. யாரும் திருடவில்லை. எல்லாரும் வேலையைத்தான் பார்த்தார்கள்.

பூட்டியிருப்பது மூலம்; வேலை நடப்பது நகலில். இதைத்தான் நான் எல்லா இடத்திலும் சொல்கிறேன். அலமாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் தணிக்கையாளர் பாதி வேலைகூடச் செய்யவில்லை.

நீதிமன்றத்திலும் இதே கதை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1991 இல் வந்த ராக்வெல் கிராஃபிக் வழக்கு. செய்தித்தாள் அச்சு இயந்திரம் செய்யும் நிறுவனம், உதிரிப் பாகங்களின் வரைபடங்களைப் பெட்டகத்தில் வைத்திருந்தது, எடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் பாகங்களைச் செய்து கொடுக்கும் வெளிப் பட்டறைகளுக்கு நகல் போனது. வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்ற விதியைப் பட்டறைகள் கண்டுகொள்ளவில்லை, நிறுவனமும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை. முன்னாள் ஊழியர்கள் போய்ச் சேர்ந்த போட்டி நிறுவனத்தில் அதே வரைபடங்கள் கிடைத்தன. கீழ் நீதிமன்றம் "நீங்களே ஒழுங்காகக் காக்கவில்லை" என்று விசாரணைக்கு முன்பே வழக்கைத் தள்ளிவிட்டது. மேல்முறையீட்டில்தான், காவலுக்கு ஆகும் செலவையும் அதனால் கிடைக்கும் பலனையும் எடை போட்டுப் பார்க்க வேண்டும், இது விசாரணையில் முடிவாக வேண்டிய விஷயம் என்று திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் வழக்கு பிழைத்தது, ஆனால் பெட்டகத்தால் இல்லை.

"நியாயமான நடவடிக்கை" என்றால் எவ்வளவு செய்ய வேண்டும்? அளவு இருக்கிறதா?

அளவுகோல் யாரும் கொடுத்துவிடவில்லை. இரண்டு முனைகளைச் சொல்கிறேன், நடுவில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு முனை, டூபாண்ட் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் வழக்கு, 1970. டெக்சாஸில் மெத்தனால் தயாரிக்கும் ஆலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், கூரை இன்னும் போடவில்லை. யாரோ ஏற்பாடு செய்த புகைப்படக்காரர்கள் விமானத்தில் மேலே சுற்றிப் படம் எடுத்தார்கள். வானம் எல்லாருக்கும் பொதுதானே என்பது அவர்கள் வாதம். நீதிமன்றம் ஒப்பவில்லை; கட்டி முடியாத ஆலைக்கு இதற்காகப் பெரும் செலவில் தற்காலிகக் கூரை போட வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றது. ஆக, நடக்கக்கூடிய எல்லாவற்றுக்கும் எதிராக நீங்கள் கோட்டை கட்ட வேண்டாம்.

இன்னொரு முனை, மின்மோட்டார் செய்யும் எலக்ட்ரோ கிராஃப்ட் என்ற நிறுவனத்தின் 1983 வழக்கு, மின்னசோட்டாவில். ஊழியர்களிடம் ரகசிய ஒப்பந்தம் வாங்கியிருந்தார்கள். ஆனால் ஆவணங்களில் ரகசியம் என்ற குறிப்பு இல்லை, வாசல்களில் எச்சரிக்கைப் பலகை இல்லை, எது ரகசியம் என்று ஊழியர்களுக்குப் புரியும்படி யாரும் சொல்லவில்லை. தோற்றார்கள். பூட்டு பலவீனமாக இருந்ததைவிட, ரகசியம் என்ற எண்ணமே அந்த இடத்தில் தெரியவில்லை என்பதுதான் அடி.

நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது: தற்செயலாக ஒரு ஊழியரை நிறுத்தி "இந்தக் கம்பெனியில் வெளியே சொல்லக்கூடாதது என்ன?" என்று கேட்டால் அவரால் இரண்டு மூன்று விஷயத்தைச் சொல்ல முடிய வேண்டும். "எல்லாமேதான் சார்" என்று பதில் வந்தால் எதுவுமே சொல்லித்தரப்படவில்லை என்று அர்த்தம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

பட்டியலில் இருந்து. ஆனால் "உங்கள் ரகசியங்கள் என்ன?" என்று துறைத் தலைவர்களிடம் கேட்காதீர்கள், அழகான பொய்கள் வரும். நான் கேட்பது இப்படி: நாளைக் காலையில் போட்டியாளர் கையில் உங்கள் கோப்பு ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள், எந்தக் கோப்பு என்றால் உங்களுக்குத் தூக்கம் போகும்? இப்படிக் கேட்டதும் முகம் மாறும். ஃபார்முலா பற்றிப் பேசிக்கொண்டிருந்த விற்பனை மேலாளர் சட்டென்று "அந்த விலைப் பட்டியல் எக்செல்" என்பார்.

வந்ததை ஒரு பதிவேடாக எழுதுங்கள்: பெயர், பொறுப்பாளர், எங்கெல்லாம் இருக்கிறது, யாருக்கெல்லாம் தெரியும், வெளியே போனால் என்ன நட்டம், ஏன் இது மற்றவர்களுக்குத் தெரியாது என்று நம்புகிறோம். ரகசியத்தின் உள்ளடக்கத்தை மட்டும் இதில் எழுதிவிடாதீர்கள். "உறை கலவை, மூன்றாம் பதிப்பு, விகிதம்" என்றால் போதும். எல்லா விகிதங்களையும் ஒரே எக்செலில் அழகாகத் தொகுத்து, அதையே தணிக்கைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருடனுக்கு நாமே மூட்டை கட்டிக் கொடுத்த மாதிரி.

பட்டியல் நூறைத் தாண்டினால் நிறுத்திவிட்டு, மேலே இருக்கும் ஐந்தாறை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்தாறையும் பிறந்த இடத்திலிருந்து இன்று வரை பின்தொடர்ந்து போவதுதான் தணிக்கை. யார் உருவாக்கினார், எந்தக் கணினியில், யாருக்கு அனுப்பினார், யார் அச்செடுத்தார், எந்தக் கூட்டத்தில் ஸ்லைடில் வந்தது, அந்த ஸ்லைடு பிறகு யாருக்குப் போனது. சலிப்பான வேலைதான். ஆனால் ஓட்டை எல்லாம் இந்த நடையில்தான் தட்டுப்படும்.

யார் யாரிடம் பேச வேண்டும்?

மேலாளர்களைவிட அவர்களுடைய உதவியாளர்களிடம். அச்சுப்பொறி எங்கே இருக்கிறது, பழைய கோப்பைக் கிழிப்பது யார், பார்வையாளரை உள்ளே அழைத்துப் போவது யார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரவுக் காவலர், துப்புரவுப் பணியாளர் இவர்களிடமும் ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்த அறையின் வெள்ளைப் பலகை அழிக்கப்படாமலே இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

கணினியில் யாருக்கு என்ன அனுமதி என்று எப்படிச் சோதிப்பது?

இதற்குப் பெரிய மென்பொருள் வேண்டாம், இரண்டு பட்டியல் போதும். கடந்த இரண்டு வருடத்தில் வேலையை விட்டுப் போனவர்கள் பட்டியலை ஹெச்.ஆரிடம் வாங்குங்கள். முக்கியமான ஃபோல்டர்களுக்கு இன்று அனுமதி உள்ளவர்களின் பட்டியலைக் கணினிப் பிரிவில் வாங்குங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே பெயர் வந்தால் அதை விளக்க எந்த அறிக்கையும் தேவையில்லை.

அடுத்தது, துறை மாறியவர்கள். ஆராய்ச்சியில் மூன்று வருடம் இருந்துவிட்டு மார்க்கெட்டிங்குக்குப் போனவருக்குப் புது அனுமதி கொடுத்திருப்பார்கள், பழையதை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். அனுமதி கொடுக்க விண்ணப்பம் இருக்கிறது, திரும்ப எடுக்க விண்ணப்பம் இல்லை, அதுதான் காரணம்.

அப்புறம் "லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம்" என்று பகிரப்பட்ட கோப்புகள். அவசரத்துக்கு ஒருவருக்கு அனுப்பியது, வருடக்கணக்கில் திறந்தே கிடக்கும். தனிப்பட்ட மின்னஞ்சலுக்குத் தானாகப் போகும் ஃபார்வர்டு விதிகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே பாஸ்வேர்டைப் பத்துப் பேர் பயன்படுத்தும் பொதுக் கணக்கு இருந்தால், யார் எடுத்தார் என்று நாளைக்கு எந்த நீதிமன்றத்திலும் காட்ட முடியாது. அதைச் சிவப்பில் எழுதுங்கள்.

இன்னொன்று, லாக், அதாவது யார் எப்போது எந்தக் கோப்பைத் தொட்டார் என்று கணினி எழுதி வைக்கும் பதிவு, எத்தனை நாள் நிற்கிறது என்று கேளுங்கள். 30 நாளில் அழிந்துவிடும் என்றால், போனவர் போட்டி நிறுவனம் ஆரம்பித்த செய்தி உங்களுக்கு வரும்போது ஆதாரம் எப்போதோ போயிருக்கும்.

எல்லாரிடமும் ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்கியிருக்கிறோமே, போதாதா?

வாங்கியிருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள். கோப்பை எடுத்துப் பாருங்கள். நிறுவனர்களோடு முதல் நாளில் இருந்தே கூட வேலை செய்தவர்கள், அதாவது எல்லாம் தெரிந்தவர்கள், அவர்களிடம்தான் கையெழுத்து இருக்காது. அந்தக் காலத்தில் யார் ஒப்பந்தம் போட்டார்கள்?

கையெழுத்து இருந்தாலும் உள்ளே படியுங்கள். வெளி நிறுவனங்களோடு போட்டதில் இரண்டு இடத்தை முதலில் பார்ப்பேன். ஒன்று, காலம். "இரண்டு வருடம் வரை" என்று இருந்தால், மூன்றாம் வருடம் முதல் அவர்கள் அந்தத் தகவலைக் காக்கத் தேவையில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக எதிர்த்தரப்பு வாதாடும். இரண்டு, வாய்மொழித் தகவல். "கூட்டத்தில் வாயால் சொன்னதை 30 நாளுக்குள் எழுத்தில் ரகசியம் என்று உறுதிசெய்தால்தான் பாதுகாப்பு" என்று பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. எத்தனை கூட்டத்துக்கு அப்படிக் கடிதம் போட்டீர்கள் என்று கேட்டால் அறையில் சத்தமே இருக்காது. செய்ய முடியாத விதி ஒப்பந்தத்தில் இருப்பது, விதியே இல்லாததைவிட மோசம். நீங்களே உங்கள் விதியை மீறினீர்கள் என்று காட்ட அது போதும்.

அமெரிக்காவில் ஆள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: 2016 மே 11 ஆம் தேதிக்குப் பிறகு போட்ட ஊழியர் ஒப்பந்தங்களில், முறைகேட்டை அரசிடம் புகார் செய்ய ரகசியத்தைச் சொன்னால் பாதுகாப்பு உண்டு என்ற அறிவிப்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஊழியர் மேல் முதலில் சொன்ன 2016 சட்டத்தில் வழக்குப் போடும்போது கூடுதல் இழப்பீடும் வழக்கறிஞர் செலவும் கேட்க முடியாது. பழைய படிவத்தையே நகலெடுத்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன.

வேலையை விட்டுப் போகிறவர்கள் விஷயத்தில் என்ன பார்க்க வேண்டும்?

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. கூகுளின் தானியங்கிக் கார் பிரிவாக இருந்த வேமோ, 2017 இல் ஊபர் மேல் போட்ட வழக்கைப் பலருக்குத் தெரிந்திருக்கும். விலகப் போகும் பொறியாளர் ஒருவர், விலகுவதற்குச் சில வாரம் முன்னால் 14,000 க்கும் மேற்பட்ட கோப்புகளை, சுமார் 9.7 ஜி.பி., இறக்கிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. 2018 பிப்ரவரியில், விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, அப்போதைய மதிப்பில் சுமார் 24.5 கோடி டாலர் பெறுமான பங்குகளைக் கொடுத்து ஊபர் சமரசம் செய்துகொண்டது.

அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. சந்தேகத்தை உறுதியாக்கியது ஒரு மின்னஞ்சல். இரண்டு பக்கத்துக்கும் பாகம் செய்து கொடுத்த சப்ளையர், ஊபரின் சர்க்யூட் பலகை வரைபடத்தைத் தவறுதலாக வேமோ ஆளுக்கும் சேர்த்து அனுப்பிவிட்டார். அது தங்கள் வடிவமைப்பைப் போலவே இருந்ததாம். லாக்கைத் தோண்டி, கோப்புகளை இறக்கியதைக் காட்ட முடிந்தது என்றால், லாக் இருந்ததால்தான்.

தணிக்கையில் கடைசியாக விலகிய பத்துப் பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜினாமா கொடுத்த நாளுக்கும் அனுமதி நின்ற நாளுக்கும் நடுவே எத்தனை நாள்? கடைசி மாதத்தில் என்ன இறக்கினார் என்று யாராவது பார்த்தார்களா? போகும்போது யாராவது உட்கார்ந்து, இன்னின்ன விஷயம் உங்களுக்குத் தெரியும், அது ரகசியம், தொடர்ந்து ரகசியமாகவே இருக்கும் என்று பேசிக் கையெழுத்து வாங்கினார்களா? தனிப்பட்ட போனில் இருந்ததை அழித்ததாக எழுதிக் கொடுத்தாரா?

மடிக்கணினி என்ன ஆனது என்றும் கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஒருவர் விலகுகிறார், திங்கள்கிழமை அதே மடிக்கணினியை ஃபார்மேட் செய்து புதியவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். சிக்கனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு மாதம் கழித்து ஆதாரம் வேண்டுமென்றால், அதை அழித்தது நீங்களேதான். முக்கியமான பதவியில் இருந்தவர்களின் மடிக்கணினியையாவது தொடாமல் சில மாதம் எடுத்து வையுங்கள்.

புதிதாகச் சேருபவர்களாலும் ஆபத்தா?

ஆமாம். அவர் தன் பழைய நிறுவனத்தின் ரகசியத்தைக் கொண்டுவந்தால் மாட்டுவது நீங்கள். "பழைய இடத்துக் கோப்பு எதையும் கொண்டுவரவில்லை" என்று எழுதி வாங்குங்கள், நேர்காணலிலேயே "அங்கே எப்படிச் செய்வீர்கள்?" என்று நோண்டுகிற மேலாளர்களை நிறுத்துங்கள்.

ஒருவர் தன் தலையில் சேர்த்த பொதுவான திறமையும் அனுபவமும் அவருடையதுதான், அதை எந்த ஒப்பந்தத்தாலும் பிடித்து வைக்க முடியாது. பத்து வருடம் வெல்டிங் செய்தவர் வேறு இடத்தில் போய் நன்றாக வெல்டிங் செய்தால் அது திருட்டு இல்லை. இதைச் சொன்னால் சில முதலாளிகளுக்குக் கோபம் வருகிறது.

ஏ.ஐ. கருவிகளை ஊழியர்கள் பயன்படுத்துகிறார்கள். இதையும் பார்க்க வேண்டுமா?

2023 இல் சாம்சங்கில் பொறியாளர்கள் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்த பிறகு, நிறுவனக் கணினிகளில் இப்படிப்பட்ட கருவிகளுக்கே தடை போட்டார்கள். கண்டிப்பாகப் பாருங்கள்.

தடை போட்டுவிட்டோம் என்பதை மட்டும் பதிலாக ஏற்காதீர்கள். தடை போட்ட இடங்களில் சொந்தப் போனில் பயன்படுத்துகிறார்கள், அது இன்னும் மோசம், ஏனென்றால் இப்போது உங்கள் கண்ணுக்கும் தெரியாது. எந்தக் கருவி, எந்தக் கணக்கு வகை, கொடுத்ததைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறதா, எதை ஒட்டக்கூடாது என்று ஊழியருக்கு ஒரு பக்கத்தில் சொல்லப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கூட்டங்களில் தானாகக் குறிப்பெடுக்கும் கருவிகளை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ரகசியக் கூட்டத்தில் இருபது பேர் என்றால் இருபத்தோராவது ஆளாக அது உட்கார்ந்திருக்கிறது, முடிந்ததும் அழைப்பில் இருந்த எல்லாருக்கும் சுருக்கம் அனுப்புகிறது, வராதவர்களுக்கும் சேர்த்து.

எல்லா ஆவணத்திலும் "ரகசியம்" என்று முத்திரை குத்திவிட்டால் பாதுகாப்புதானே?

விடுமுறைப் பட்டியலில்கூட "மிக ரகசியம்" என்று அடிக்குறிப்பு வரும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வார்த்தையை அங்கே யாரும் படிப்பதில்லை, நீதிபதியும் அதை மதிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். இரண்டு அல்லது மூன்று நிலை போதும். பத்து கோப்பை எடுத்து, முத்திரைக்கும் உள்ளடக்கத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே சமயம் எதிர்த்திசையிலும் போங்கள்: ரகசியம் என்று சொல்வது ஏற்கெனவே வெளியே இருக்கிறதா? உங்கள் இணையதளம், பொருள் கையேடு, டெண்டர் ஆவணம், கருத்தரங்க ஸ்லைடு, காப்புரிமை விண்ணப்பம், வேலைவாய்ப்பு விளம்பரம் இவற்றைப் போட்டியாளரின் கண்ணோடு ஒரு நாள் உட்கார்ந்து படியுங்கள். "இன்ன வேதிப்பொருளில் அனுபவம் உள்ளவர் தேவை" என்று விளம்பரம் கொடுத்துவிட்டு அந்த வேதிப்பொருளை ரகசியம் என்பவர்கள் உண்டு.

கசிவு நடந்திருப்பது தணிக்கையின் நடுவே தெரிந்தால்?

தணிக்கையை அங்கேயே நிறுத்துங்கள். ஆர்வத்தில் அந்தக் கணினியைத் திறந்து பார்க்காதீர்கள், ஒவ்வொரு சொடுக்கும் தேதியை மாற்றும். வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள், லாக் அழிவதை நிறுத்துங்கள், சந்தேகப்படும் ஆளிடம் நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள்.

எதிர்ப்பக்கமும் நடக்கலாம், அடுத்தவர் ரகசியம் உங்கள் கைக்கு வரலாம். 2006 இல் பெப்சிக்கு ஒரு கடிதம் வந்தது, கோகோ கோலாவின் ரகசியங்கள் விற்பனைக்கு என்று. பெப்சி அதை அப்படியே கோகோ கோலாவிடம் கொடுத்துவிட்டது. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வாங்குபவர் போல வேடம் போட்டு, பிஸ்கட் பெட்டி ஒன்றில் 30,000 டாலர் நோட்டுகளை வைத்துக் கொடுத்து ஆட்களைப் பிடித்தது. எடுத்துக் கொடுத்தவர் உயர் அதிகாரி ஒருவரின் செயலகத்தில் வேலை பார்த்தவர், மேஜையில் கோப்புகளைப் புரட்டிப் பையில் போடுவது கேமராவில் பதிவாகியிருந்தது. இப்படி ஒரு உறை வந்தால் யாரிடம் கொடுக்க வேண்டும் என்று உங்கள் வரவேற்பறையில் இருப்பவருக்குத் தெரியுமா? அதையும் தணிக்கையில் கேளுங்கள்.

பத்துப் பேர் உள்ள சின்ன நிறுவனம். இவ்வளவும் முடியுமா? எவ்வளவு நாள் ஆகும்?

முடியாது, வேண்டியதும் இல்லை. மூன்று ரகசியத்தை எடுங்கள், அவற்றின் நகல்களைத் தேடுங்கள், போனவர்களின் அனுமதியை நிறுத்துங்கள், கையெழுத்து விடுபட்டவர்களிடம் வாங்குங்கள். கையெழுத்து வாங்கும்போது மட்டும் ஒரு கவனம்: ஏற்கெனவே வேலையில் இருப்பவரிடம் புதிதாக ஒப்பந்தம் வாங்கினால், பதிலுக்கு ஏதாவது கொடுத்தால்தான் செல்லும் என்று சில நாடுகளில் சட்டம் இருக்கிறது. ஒரு வாரத்தில் முடிந்துவிடும். பெரிய நிறுவனம் என்றால் ஒரு பிரிவுக்கே சில வாரங்கள் ஆகும்.

வருடத்துக்கு ஒரு முறை முழுதாகப் பார்த்தால் நல்லது. கூட்டாளி மாறும்போது, நிறுவனம் கைமாறும்போது, முக்கியமான ஆள் விலகும்போது தேதி பார்க்காமல் உடனே.

தணிக்கை அறிக்கையை யார் வைத்துக்கொள்ள வேண்டும்?

இதை யாரும் யோசிப்பதில்லை. என்னென்ன ரகசியம், எங்கே இருக்கிறது, எந்தப் பூட்டு உடைந்திருக்கிறது என்று முழுக்க எழுதிய ஒரே காகிதம் அந்த நிறுவனத்தில் அதுதான். போதாததற்கு "ஓட்டை இருப்பது தெரிந்தும் இரண்டு வருடம் சும்மா இருந்தார்கள்" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காட்டவும் அதுவே ஆதாரம். அதனால் பல இடங்களில் வழக்கறிஞர் வழியாகவே தணிக்கைக்கு ஏற்பாடு செய்கிறார்கள், அறிக்கைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்க வாய்ப்பு இருக்கிறது என்று. அதோடு, சொன்ன குறைக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் பெயரும் தேதியும் போடுங்கள். செய்ய முடியாததைப் பெரிய வார்த்தையில் எழுதாதீர்கள்.

நான் எண் போட்ட நாலு பிரதிதான் கொடுப்பேன், மின்னஞ்சலில் அனுப்ப மாட்டேன். ஒரு இடத்தில் ஆறு மாதம் கழித்து மறுபார்வைக்குப் போனபோது முதலில் அந்த நாலையும் கொண்டுவரச் சொன்னேன். மூன்று வந்தது. நாலாவது ஸ்கேன் செய்யப்பட்டு பொது ஃபோல்டரில் இருந்தது, "எல்லாரும் படித்துத் திருந்தட்டும்" என்று நிர்வாகி போட்டாராம். அன்றைக்கு மறுபார்வை அறிக்கையின் முதல் வரியாக அதையே எழுதினேன்.